மீனுக்கேற்ற நூல்: குளத்தில் முதன்முதலாகத் தூண்டில் போடுவோருக்கு ஒரு பாடம்

கமம் செய்து வாழ்ந்தவர்களுக்கு மீன்பிடியைப் பற்றி எதற்குப் பாடம் என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் காணி கைக்கு வரும்வரை, அல்லது வந்த காணியில் முதற் போகம் வீடு வந்து சேரும்வரை, அடுப்பு எரிய வேண்டும். பிள்ளைகளின் கோப்பையில் சோற்றோடும் பருப்போடும் வேறு ஏதாவது இருக்க வேண்டும். இடம்பெயர்ந்து வந்து நாம் சந்திக்கும் குடும்பங்களிற் பல, ஏதோ ஒரு குளத்தில் இருந்து கூப்பிடு தூரத்தில் வாழ்கின்றன. குளத்தில் மீன் இருக்கிறது. வலை வாங்கப் பணம் இல்லை. வலை போடும் உரிமையும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. எஞ்சுவது தூண்டில்.

தூண்டில் என்றால் தடி, நூல், முள், ஈயம், மிதப்பு, இரை ஆகிய ஆறும் சேர்ந்தது. இந்தப் பாடத்தில் நாம் நூலைப் பற்றியே அதிகம் பேசப் போகிறோம். அதற்குக் காரணம் உண்டு.

கயிற்றோடு கழிந்த ஒரு மாதம்

2011ஆம் ஆண்டு கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு குளத்தின் அலைகரைக்கு அருகே சில குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. அவர்களிற் பலர் வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர்கள். 1990இல் ஊரை விட்டு எழும்பியவர்கள். 1996இல் வன்னிக்கு வந்து, 2009இல் முகாமுக்குப் போய், மீண்டும் வன்னிக்கே வந்தவர்கள். செம்மண்ணில் கிணற்று நீர் இறைத்து வெங்காயமும் புகையிலையும் செய்த கைகள் அவை. அவர்களுக்குக் குளம் என்பதே புதிது. மீன் என்றால் கடல் மீன்; சைக்கிளில் பெட்டி கட்டி வீட்டு வாசலுக்கு வருவது.

உதவி நிறுவனம் ஒன்று இந்தக் குடும்பங்களுக்கு மீன்பிடிப் பொதி கொடுத்தது. நிறுவனத்தின் பெயர் இங்கு தேவையில்லை. பொருட்பட்டியலைப் பார்த்து, சரி என்று கையொப்பம் வைத்தவர்களில் நாமும் ஒருவர் என்பதைச் சொல்லி விடுகிறோம். பொதியில் இருந்த தங்கூசி நூல் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தடிப்பானது. முட்கள் கடலில் பாரை மீனுக்குப் போடுபவை. பார்வைக்கு எல்லாம் நல்ல சாமான்கள். அறுக்க முடியாத நூல், வளைக்க முடியாத முள். நாமும் அப்படித்தான் மகிழ்ந்தோம்.

ஒரு மாதம் கழித்துப் போனபோது ஒரு வீட்டிலும் மீன் பிடிபட்டிருக்கவில்லை. ஒரு வீட்டில் அந்த நூல் உடுப்புக் காயவிடும் கொடியாகி இருந்தது. "குளத்திலை மீனே இல்லைச் சுவாமி" என்றார்கள். அதே நேரத்தில் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் கட்டின் மறுபக்கத்தில் இருந்து கோர்வையாக மீன் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் நூலை விரலால் உருட்டிப் பார்த்தார். "தம்பியவை, இது மாடு கட்டுற கயிறெல்லோ. மீன் என்ன மாடோ?" என்று கேட்டார். அவருடைய நூல் தலைமயிர் போல இருந்தது.

நமது தவறு என்ன? அறுந்துவிடுமோ என்ற பயத்தைப் பார்த்து நூல் வாங்கினோம். மீனின் வாயைப் பார்த்து வாங்கவில்லை. பழகாதவர் கடைக்குப் போனாலும் இதே தவறையே செய்வார். இருக்கும் பணத்தில் ஒருமுறை தான் வாங்கலாம், ஆகவே பலமானதாக வாங்குவோம் என்று நினைப்பார். குறைந்த பணம் உள்ளவரே இந்தத் தவறுக்கு அதிக விலை கொடுக்கிறார்.

எந்த மீனை நம்பி?

வன்னிக் குளங்களில் இன்று அதிகம் கிடைப்பது திலாப்பியா. சில ஊர்களில் யப்பான் மீன் என்பார்கள். யப்பானுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அது ஆபிரிக்க மீன். மொசாம்பிக் திலாப்பியா 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. உடல் பெருக்கும் நைல் திலாப்பியா பின்னர் 1975இல் வந்தது. எமது பாட்டன்மார் கட்டிய குளங்களில் தானாகப் பெருகி, ஏழைகளின் சட்டிக்கு வந்து சேர்ந்தது இந்த வெளிநாட்டு மீன். 1990இல் அரசு நன்னீர் மீன்வளத்துக்கான உதவியை நிறுத்தி, 1994இல் தான் மீண்டும் தொடங்கியது. அந்த இடைக்காலத்திலும் திலாப்பியா தன்பாட்டில் குஞ்சு பொரித்துக்கொண்டே இருந்தது.

இதைவிட விரால், கெளிறு, பனையேறி, கெண்டை வகைகளும் உண்டு. முதன்முதலில் பழகுவோர் திலாப்பியாவையே இலக்காக வைக்க வேண்டும் என்பது எமது கருத்து. அது பகலில் மேயும் மீன். கரையோரம் வரும். சிறிய இரையை எடுக்கும். தூண்டிலில் வருபவை பெரும்பாலும் 200 கிராமில் இருந்து அரைக் கிலோ வரை. விராலைப் பற்றிப் பின்னர் சொல்கிறோம்.

திலாப்பியாவின் வாய் சிறியது. பாசியையும் அடிமண்ணில் உள்ள அழுகலையும் உறிஞ்சி மேயும் பழக்கம் அதற்கு. இரையை விழுங்கிக்கொண்டு ஓடாது. உறிஞ்சும், துப்பும், மீண்டும் உறிஞ்சும். இரைக்குப் பின்னால் கம்பி போன்ற விறைத்த நூல் இருந்தால், உறிஞ்சும்போது இரை அதன் வாய்க்குள் போகாது. நூல் தள்ளிக்கொண்டு நிற்கும். தடித்த நூல் மீனின் கண்ணுக்குத் தெரிவதால் தான் மீன் கடிப்பதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். கலங்கிய குளத்து நீரில் கண்ணைவிட இந்த விறைப்பே பெரிய குற்றவாளி. அத்தோடு, தடித்த நூலை நேராக இறக்கப் பாரமான ஈயம் வேண்டும். பாரமான ஈயத்தைத் தாங்கப் பெரிய மிதப்பு வேண்டும். மீன் மெல்லத் தொட்டால் அந்தப் பெரிய மிதப்பு அசையவும் மாட்டாது. ஒரு பிழை மூன்று பிழையாகிறது.

நூலை அறிதல்

தங்கூசி என்று நாம் சொல்லும் நூல் நைலோன். நைலோன் 1935இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன்னர் முள்ளுக்கு அருகே கட்டும் மெல்லிய நூலைப் பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியை இழுத்து நீட்டிச் செய்தார்கள். அது விலை கூடியது, காய்ந்தால் முறியும். இன்று ஒரு சுருள் நைலோன் சிறு கடையிலும் கிடைப்பது எமக்கு ஒரு வசதி.

சுருளின் தாளில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று தடிப்பு, மில்லிமீற்றரில். மற்றது தாங்கும் பாரம், கிலோவில் அல்லது இறாத்தலில். ஒரு கிலோ ஏறக்குறைய 2.2 இறாத்தல். 0.25 மில்லிமீற்றர் நூல் ஏறக்குறைய 4 கிலோ தாங்கும். 0.35 நூல் 8 கிலோ அளவில் தாங்கும். 0.45 நூல் 12 கிலோவுக்குக் கிட்ட வரும். கம்பனிக்குக் கம்பனி இது சற்றுக் கூடிக் குறையும். தடிப்பு இரண்டு மடங்கானால் பலம் இரண்டு மடங்கல்ல, ஏறக்குறைய நான்கு மடங்கு ஆகும். ஏனெனில் நூலின் பலம் அதன் வெட்டுமுகப் பரப்பில் இருக்கிறது. ஆகவே சிறிது தடிப்புக் கூட்டினாலே பலம் வெகுவாகக் கூடுகிறது. ஒரு மில்லிமீற்றர் வரை போகத் தேவையே இல்லை.

அரைக் கிலோ மீனுக்கு 4 கிலோ நூல் போதுமா என்று கேட்பீர்கள். தாராளமாகப் போதும். நீருக்குள் மீனுக்குப் பாரம் மிகக் குறைவு. அது இழுக்கும் இழுவையைத் தான் நாம் தாங்க வேண்டும். அந்த இழுவையில் ஒரு பங்கை வளையும் தடி வாங்கிக்கொள்கிறது. இன்னொரு பங்கை நைலோன் தானே நீண்டு வாங்கிக்கொள்கிறது. அறுவது எப்போது என்றால், தடியை மீன் பக்கம் நீட்டிக்கொண்டு நூலை மட்டும் கையால் இழுக்கும்போது. அல்லது மீனைத் துள்ளத் துள்ள ஆகாயத்தில் தூக்கிக் கரையில் எறியும்போது. நீரைவிட்டு வெளியே வந்த கணமே மீனின் முழுப் பாரமும் உதறலும் நூலில் விழுகிறது. தடியை நிமிர்த்திப் பிடித்து, மீன் களைக்கும்வரை விட்டுப் பிடித்து, கரையோடு சறுக்கி எடுங்கள். ஒரு பழைய கூடையைக் கீழே கொடுத்து அள்ளினால் இன்னும் நல்லது.

எனவே எமது தேர்வு இதுதான். வெளியான அலைகரையில், கட்டை குற்றி இல்லாத இடத்தில், திலாப்பியாவுக்கு 0.20 முதல் 0.25 வரை. மூழ்கிய மரக்குற்றியும் தாமரைத் தண்டும் உள்ள இடத்தில் 0.30 அல்லது 0.35. விராலுக்கு 0.45 அல்லது அதற்குச் சற்று மேல். ஒரே ஒரு சுருள் தான் வாங்கலாம் என்றால் 0.25 வாங்குங்கள். முதல் வாரத்தில் சில தடவை அறும். அறுவது நூலின் பிழையா கையின் பிழையா என்பதை ஒவ்வொரு முறையும் பாருங்கள். நுனி சுருண்டு பன்றிவால் போல இருந்தால் முடிச்சு வழுகியது. நுனி சொரசொரப்பாக இருந்தால் கல்லிலோ குற்றியிலோ உராய்ந்தது.

வாங்கும்போது கடை வாசலில் வெயில் பட்டுக் கிடந்த சுருளைத் தவிருங்கள். வெயில் நைலோனைச் சாப்பிட்டுவிடும். ஒரு முழம் இழுத்து இரு விரலுக்கு இடையில் ஓடவிட்டுப் பாருங்கள். நெருடினால் வேண்டாம். வீட்டிலும் கூரைத் தாழ்வாரத்தில் தொங்கவிடாமல் பெட்டிக்குள் வையுங்கள்.

போத்தல் பரீட்சை

இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்தி, ஒரு காரியத்தைச் செய்து பாருங்கள். குழுவாக இருந்து செய்தால் சிரிப்புக்கும் குறைவிராது. ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ. ஐந்து லீற்றர் கானும் ஓர் அளவுப் போத்தலும் தேடிக்கொள்ளுங்கள். 0.25 நூலில் ஒரு முழம் வெட்டி, ஒரு நுனியை மரக்கிளையில் பல சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். மறு நுனியைக் கானின் கைபிடியில், சாதாரணமாகச் சீலைக்குப் போடும் ஒற்றை முடிச்சுகளாற் கட்டுங்கள். கானுக்குள் சிறிது சிறிதாக நீர் ஊற்றுங்கள். எத்தனை லீற்றரில் அறுகிறது, எந்த இடத்தில் அறுகிறது என்று பாருங்கள். முடிச்சில் தான் அறும். ஒற்றை முடிச்சு நூலின் பலத்தில் ஏறக்குறைய பாதியைத் தின்றுவிடுகிறது.

இப்போது வேறு விதமாகக் கட்டுவோம். நூலின் நுனியை முள்ளின் கண்ணுக்குள் விட்டு ஒரு சாண் இழுங்கள். அந்த நுனியைப் பிரதான நூலைச் சுற்றி ஐந்து அல்லது ஆறு சுற்றுச் சுற்றுங்கள். முள்ளின் கண்ணுக்கு ஒட்டினாற்போல் ஒரு சிறு வளையம் இருக்கும். நுனியைத் திருப்பிக் கொண்டுவந்து அந்த வளையத்துக்குள் விடுங்கள். பிறகு முடிச்சை எச்சிலால் நனைத்து, மெல்ல மெல்ல இறுக்குங்கள். சுற்றுகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடுக்காகப் படிய வேண்டும். நனைக்காமல் இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நைலோன் கெட்டுவிடும். இதே முடிச்சைக் கானின் கைபிடியிலும் போட்டு நீர் ஊற்றிப் பாருங்கள். வேறுபாட்டை உங்கள் கண்ணாற் காண்பீர்கள்.

நாம் முன்னர் சொன்ன குளத்தில் இந்த முடிச்சை முதலிற் பிடித்துக்கொண்டவர் மூன்று பிள்ளைகளின் தாய் ஒருவர். ஆண்கள் அவசரப்பட்டு இறுக்கினார்கள். அவர் ஊசியில் நூல் கோர்ப்பதுபோல் நிதானமாகச் செய்தார். பிறகு அந்த வரிசை வீடுகளில் முள் கட்டுவது எல்லாம் அவருடைய வேலையாகிவிட்டது.

ஸ்டீல்ஹெட்காரரிடம் கற்கக்கூடியது

வட அமெரிக்காவின் பசுபிக் கரையோர ஆறுகளில் ஸ்டீல்ஹெட் என்று ஒரு மீன் உண்டு. அது ஆற்றிலே பொரித்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட மீண்டும் ஆற்றுக்கு வரும். இனத்தால் அது ரெயின்போ ட்ரவுட் மீனே. ஆங்கிலேயர் காலத்தில் எமது மலைநாட்டுக்குக் கொண்டுவந்து, நுவரெலியா, ஹோட்டன் சமவெளிப் பக்கத்துக் குளிர் ஓடைகளில் விட்டதும் இந்த இனத்தைத் தான். அங்கே கடலுக்குப் போகும் வழக்கம் அதற்கு இல்லை.

ஸ்டீல்ஹெட் பல கிலோ நிறையுள்ள, வேகமாக ஓடும் மீன். அதைப் பிடிக்கப் பழகுவோருக்கும் எங்களுடைய அதே சந்தேகம் தான் வருகிறது: தடித்த நூலா, மெல்லிய நூலா? அவர்கள் கண்டுபிடித்த வழி, இரண்டையும் சேர்ப்பது. மிதப்பு வரை பலமான பிரதான நூல். அதன் நுனியில், முள் கட்டுவதற்கு அதைவிட மெல்லிய துண்டு நூல். மீனுக்குத் தெரிவதும் தொடுவதும் மெல்லிய துண்டு மட்டும். முள் கல்லிற் சிக்கினால் அறுவதும் அந்தத் துண்டு மட்டுமே. மிதப்பும் ஈயமும் மிச்ச நூலும் கைக்கு வந்து சேரும்.

எமது நிலைக்கு இது மிகவும் பொருந்துகிறது. கட்டை குற்றி உள்ள குளத்தில் 0.35 நூலைத் தடியில் கட்டி, நுனியில் ஒரு முழம் 0.25 நூல் இணைத்துக்கொள்ளலாம். பொதியில் வந்த கயிறு போன்ற நூல் உங்களிடம் இருந்தால் அதையும் எறிய வேண்டாம். தடியின் நுனியிற் கட்டும் சிறு வளையத்துக்கு அது உதவும்.

இன்னொன்றும் அவர்களிடம் உண்டு. ஓடும் நீரில் அவர்கள் இரையை ஓரிடத்தில் நிறுத்தி வைப்பதில்லை. மிதப்பை நீரோட்டத்தோடு, நீரின் வேகத்திலேயே ஓடவிடுவார்கள். நூலை இழுத்துப் பிடித்தால் இரை நீருக்கு எதிராக இழுபட்டு நிற்கும். மீனுக்கு அது சந்தேகத்தைத் தரும். எமது வாய்க்கால்களில் நீர் திறந்திருக்கும் காலத்தில் இதைச் செய்து பாருங்கள். நூல் தளர்வாக, ஆனால் நீரில் விழுந்து வில்லாக வளையாமல், தடியின் நுனி மிதப்புக்கு நேரே பின்தொடர வேண்டும். தடி எட்டும் தூரம் ஓடியதும் எடுத்து மீண்டும் மேலே போடுங்கள்.

மற்றச் சாமான்கள்

தடிக்கு மூன்று அல்லது நான்கு மீற்றர் நீளமான, நுனி மெலிந்து வளையும் மூங்கில். நிழலிற் காயவிட்ட தடியாக இருக்கட்டும். நூலின் நீளம் தடியின் நீளத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் இரையும் மீனும் கைக்கு வந்து சேரும். முள் 8 அல்லது 10ஆம் இலக்கம். இலக்கம் கூடக்கூட முள் சிறியது என்பதை மறந்து பலர் பிழையாக வாங்குகிறார்கள். மிதப்புக்கு மயிலிறகுத் தண்டோ, தேய்ந்த றப்பர் செருப்பில் விரல் நுனியளவு வெட்டிய துண்டோ போதும். ஈயம், மிதப்பு மூன்றில் இரண்டு பங்கு தாழும் அளவுக்கு மட்டும். ஈயத்தைப் பல்லாற் கடித்து இறுக்காதீர்கள். பழைய பற்றறியை உடைத்து ஈயம் எடுக்கவே வேண்டாம். அது நஞ்சு, பிள்ளைகளுக்கு மிகவும் கெடுதி. சைக்கிளின் சிறு நட் ஒன்று அதே வேலையைச் செய்யும்.

இரைக்கு மண்புழு சிறந்தது. மாட்டெருக் குவியலின் அடியில், ஈரமான இடத்தில் கிடைக்கும். முழுப் புழுவையும் தொங்கவிடாமல் முள்ளை மூடும் அளவுத் துண்டு போதும். புழு இல்லாத காலத்தில் பாணின் உட்பகுதியைச் சிறிது நீர் தொட்டுப் பிசைந்து கடலைப் பருப்பளவு உருண்டை வையுங்கள்.

போடும் முறை

காலையில் வெயில் ஏறத் தொடங்கி நீர் சற்றுச் சூடாகும் நேரம் நல்லது. உங்கள் நிழல் நீரில் விழாத பக்கமாக இருங்கள். கட்டில் ஓடித் திரியும் பிள்ளைகளை முதலில் இருத்துங்கள். நிலத்தின் அதிர்வு மீனுக்கு எட்டும். ஒரு பிடி தவிடும் சிறிது தேங்காய்ப் பிண்ணாக்கும் களிமண்ணோடு பிசைந்து, தேசிக்காய் அளவு உருண்டைகளாக இரண்டொன்றை ஒரே இடத்தில் போடுங்கள். மீனுக்குப் பசி தீர்ப்பதல்ல நோக்கம், கூட்டுவது.

அடுத்தது ஆழம். முள்ளில் சிறு கல்லைக் கட்டி இறக்கிப் பாருங்கள். மிதப்பு நிமிர்ந்து நின்றால் ஆழம் சரி. படுத்துக் கிடந்தால் நூல் கூடிவிட்டது. மூழ்கினால் நூல் போதாது. இரை அடிமண்ணைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி மிதப்பை நகர்த்துங்கள். இந்தச் சிறு வேலையைச் செய்யாமல் நாள் முழுவதும் குந்தியிருந்து வெறுங்கையோடு வருபவர் பலர்.

மிதப்பு துடிக்கும். உடனே இழுக்காதீர்கள். அது மீன் உறிஞ்சிப் பார்க்கும் நேரம். மிதப்பு ஒரு பக்கமாக நகரத் தொடங்கினாலோ மெல்லத் தாழ்ந்தாலோ, மணிக்கட்டால் மட்டும் ஒரு சிறு சுண்டு. தோளால் இழுத்தால் மெல்லிய நூல் அறும், அல்லது மீனின் வாய் கிழியும். வெங்காயப் பயிரைக் கிழங்கோடு பிடுங்கும்போது இலை அறாமல் எப்படி இழுப்பீர்களோ, அந்தக் கைப்பதம் தான் இதுவும்.

அரைமணி நேரம் ஒரு தொடுகையும் இல்லையென்றால் இடம் மாறுங்கள். காற்று அடித்து ஒதுக்கும் கரையில் பாசியும் உணவும் சேரும். மீனும் அங்கே வரும்.

சிறு மீனை என்ன செய்வது? உள்ளங்கையிலும் சிறியதை நனைந்த கையாற் பிடித்து, முள்ளை எடுத்து, விட்டுவிடுங்கள். திலாப்பியாத் தாய் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காப்பவள். அந்த நாட்களில் அவள் இரை எடுப்பதில்லை; உங்கள் தூண்டிலுக்கும் அதிகம் வரமாட்டாள். வலையைவிடத் தூண்டிலில் உள்ள ஒரு நன்மை இது. ஆழமில்லாத மணலில் தட்டுப் போன்ற குழிகள் தெரிந்தால் அவை ஆண்மீன் தோண்டியவை. அந்த இடத்தை மிதித்துக் கலக்காதீர்கள்.

விரால்

திலாப்பியாவில் கை பழகிய பின்னரே விராலுக்குப் போக வேண்டும். அது பதுங்கியிருந்து பாயும் மீன். தவளையும் சிறு மீனும் அதன் உணவு. தாமரை இலைக்கும் புல்லுக்கும் இடையில் நிற்கும். பாய்ந்து எடுத்தவுடன் தண்டுகளுக்குள் ஓடிச் சுற்றிக்கொள்ளும். இங்கே மெல்லிய நூல் என்ற எமது பேச்சு செல்லாது. 0.45 நூல், பெரிய முள், உறுதியான தடி. விட்டுப் பிடிக்க இடமில்லை, உடனே வெளியே திருப்ப வேண்டும். மீனுக்கும் இடத்துக்கும் ஏற்ற நூல் என்று நாம் சொல்வதன் மறுபக்கம் இது. விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன் ஆகையால், ஈரச் சாக்கில் நெடுநேரம் உயிரோடு இருக்கும்; சந்தைக்குக் கொண்டுபோக வசதி. ஆனால் சிவந்த குஞ்சுக் கூட்டம் நீர்மேல் கொப்பளிப்பதைக் கண்டால், அதற்குக் கீழே காவல் நிற்கும் தாய் தந்தையைப் பிடிக்க வேண்டாம். காவல் போனால் அந்தக் கூட்டம் முழுவதும் மற்ற மீன்களுக்கு இரை.

போகும் முன் கேட்க வேண்டியவை

குளம் யாருடையது? பெரிய குளங்களில் நன்னீர் மீனவர் சங்கம் இருக்கும். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்ட நக்டா அதிகாரசபை குஞ்சு விடுவதும் அவர்களோடு சேர்ந்தே. சிறு குளங்களில் கமக்காரர் அமைப்பு. தூண்டிற்காரர் நாலு மீன் பிடிப்பதை அவர்கள் வழக்கமாகப் பெரிதாக எடுப்பதில்லை. ஆனாலும் கேட்டுவிட்டுப் போவதும் கேளாமற் போவதும் ஒன்றல்ல. வந்த இடத்தில் நாம் புதியவர்கள். நாம் முன்னர் சொன்ன பெரியவர் தமது நூலில் ஒரு துண்டை வெட்டித் தந்ததற்குக் காரணம், அந்தத் தாய் முதல் நாளே போய் "ஐயா, இந்தப் பக்கம் நாங்கள் இருக்கலாமோ?" என்று கேட்டது தான்.

வன்னிக் குளங்களில் முதலை உண்டு. முழங்கால் நீரில் நின்று தூண்டில் போடாதீர்கள். மீன் கோர்வையை இடுப்பிற் கட்டிக்கொண்டு நீருக்குள் இறங்காதீர்கள். மீன் கழுவுவதையும் குடல் எறிவதையும் குளிக்கும் துறையில் செய்யாதீர்கள். துருசுக்கு அருகேயும், வான் பாயும் நாட்களில் வானுக்கு அருகேயும் பிள்ளைகள் போகவே கூடாது. போர் நடந்த பகுதிகளில் ஊரார் நடக்கும் பாதையை விட்டு விலகிப் பற்றைக்குள் புகாதீர்கள். மிதிவெடி அகற்றி முடிந்தது என்று கிராம அலுவலரிடம் உறுதியாகக் கேட்டறிந்த பின்னரே புதிய கரைக்குப் போங்கள். மண்புழு தேடித் தோண்டுவதற்கும் இது பொருந்தும்.

தேளி அல்லது சுங்கான் என்னும் மீன் தூண்டிலில் வந்தால் வெறுங்கையாற் பிடிக்க வேண்டாம். பக்கச் செட்டையின் முள்ளில் விஷம் உண்டு. குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டு நீரில் அந்த இடத்தை வைத்திருந்தால் வலி தணியும்; பிறகு வைத்தியரிடம் காட்டுங்கள்.

குளத்து மீனில் சேற்று மணம் என்று யாழ்ப்பாணத்தார் முகம் சுளிப்பதுண்டு. வயிற்றின் உட்புறம் உள்ள கறுப்புத் தோலைச் சுரண்டி எடுத்து, உப்பும் தேசிக்காய்ப் புளியும் போட்டுத் தேய்த்துக் கழுவினால் பெருமளவு போய்விடும். கொறுக்காய்ப் புளி கூட்டி வைத்த குழம்பில் மணம் தெரியவே மாட்டாது.

அறுந்த நூல்

அறுந்த துண்டுகளைக் கரையில் விட்டு வராதீர்கள். நைலோன் உக்குவதில்லை. நீர்க்காகத்தின் காலிலும் ஆமையின் கழுத்திலும் சுற்றிக்கொள்ளும். கரையில் மேயும் ஆட்டுக்குட்டியின் காலிலும் தான். ஒரு பால்மாப் பேணியில் சேர்த்து வையுங்கள். நீளமான துண்டுகள் முள் கட்டும் நுனி நூலாக மீண்டும் உதவும்.

செலவைப் பற்றியும் ஒரு கணக்கு. நூறு மீற்றர்ச் சுருள் ஒன்று வாங்கினால், ஒரு தடிக்கு நான்கு மீற்றர் வீதம் இருபத்தைந்து தடிக்கு நூல் வரும். ஒரு குடும்பம் தனித்து ஒரு சுருள் வாங்கத் தேவையில்லை. எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து 0.25 சுருள் ஒன்றும் 0.35 சுருள் ஒன்றும், 8ஆம் இலக்க முள் ஒரு பெட்டியும் வாங்கினால், அறுவதற்கும் பழகுவதற்கும் மிச்சம் வைத்தே எல்லோருக்கும் போதும். முதலில் சுருளின் தாளில் உள்ள எண்ணை வாசித்துப் பாருங்கள். தாள் இல்லாத சுருளானால், ஐந்து லீற்றர்க் கானையும் கூடவே கொண்டு போங்கள்.